குருதி சொல்லும் சாட்சி



கொல்லிமலையின் மீதுள்ள ஊர்த்தொகுதிகளை ‘நாடு’ என்று வழங்குவது நெடுங்கால மரபு. வல்வில் ஓரி ஆண்ட மலையென்று சங்க இலக்கியத்தால் நாம் அறிந்த அம்மலையில் வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேலூர் நாடு, ஆலத்தூர் நாடு எனப் பல நாடுகள் உள்ளன. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளோ மருத்துவ வரலாற்றைச் சேர்ந்தது. இதயம் திடீரென நோயுறும்போது இரத்தத்தில் எழும் சில குறிகளை மனிதன் எவ்வாறு கண்டான், அவற்றை எவ்வாறு பிழைபடப் படித்தான், பின்னர் எவ்வாறு திருத்திப் படிக்கக் கற்றான் என்பதே அப்பொருள். இவ்வரலாற்றின் பெரும்பகுதி ஸ்டாக்ஹோம், நியூயார்க் முதலிய தொலைதூர நகரங்களில் நிகழ்ந்தது. ஆயினும் ஆலத்தூர் நாட்டை மனத்திற் கொண்டே இதனைச் சொல்ல விரும்புகிறேன். ஒரு மருத்துவக் கண்டுபிடிப்பின் மதிப்பை அளக்க வேண்டுமானால், மலைமேல் வாழும் ஒரு குடும்பத்துக்கு அது என்ன செய்யும் என்று கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் அழற்சி என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். காலில் முள் தைத்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது, வலிக்கிறது. இந்த நான்கு அடையாளங்களையும் முதலாம் நூற்றாண்டிலேயே ரோமானியரான செல்சஸ் தம் மருத்துவ நூலில் எழுதி வைத்தார். உடலுக்கு ஊறு நேர்ந்த இடத்தில் அதனை எதிர்க்கவும் சீர்செய்யவும் உடல் நடத்தும் வேலையே அழற்சி. முள் தைத்த காலை நாம் கண்ணால் காண்கிறோம். இதயத்துக்குள் அழற்சி எழுந்தால் எதைக் கொண்டு காண்பது? இரத்தம் உடலெங்கும் ஓடுவதால், எங்கோ நடப்பதன் செய்தி இரத்தத்தில் இருக்கவேண்டும் என்று பழங்காலத்தாரும் கருதினர்.

அவர்கள் கருதியது சரி. ஆனால் அதிலிருந்து கொண்ட முடிவு தவறாயிற்று. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் நோயாளியின் நாளத்தைக் கீறி இரத்தத்தைக் கிண்ணத்தில் வடிக்கும் வழக்கம் இருந்தது. காய்ச்சலுற்றவரின் இரத்தம் உறையும்போது அதன் மேற்புறத்தில் வெளிறிய மஞ்சள் நிறத்தில் ஓர் ஏடு படியும். பால் மேல் ஆடை படிவது போன்ற அந்த ஏட்டை, நோய்க்குக் காரணமான தீய பொருளென்று பலர் எண்ணினர். ஏடு தடித்திருந்தால் இன்னும் இரத்தம் வடிக்க வேண்டும் என்று முடிவு செய்தனர். நோயின் சாட்சியாக வந்த ஒன்றைக் குற்றவாளியென்று கருதித் தண்டித்ததால், ஏற்கெனவே நலிந்தவர் மேலும் நலிந்தனர். சாட்சி யார், குற்றவாளி யார் என்ற இந்தக் குழப்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இது வரலாற்றில் மீண்டும் வரும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டனில் ஜான் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர் இந்த இரத்தத்தைப் பொறுமையாக ஆராய்ந்தார். அழற்சியுற்றவரின் இரத்தத்தில் செந்நிறத் துகள்கள் வழக்கத்தைவிட விரைவாகக் கீழே அமிழ்கின்றன, அதனாலேயே மேலே வெளிறிய ஏடு நிற்கிறது என்று அவர் விளக்கினார். ஹண்டருக்கும் இதய நோய் இருந்தது. சினம் மூண்டால் மார்பில் வலி எழும். 1793ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் மருத்துவமனைக் கூட்டமொன்றில் நடந்த வாக்குவாதத்தின்போது அவர் நிலைகுலைந்து உயிர் நீத்தார். இரத்தத்தையும் அழற்சியையும் பற்றிய அவருடைய பெருநூல் மறு ஆண்டு, 1794இல், வெளிவந்தது. தம் இதய வலிக்கும் தாம் ஆராய்ந்த அழற்சிக்கும் உறவு உண்டென்று பின்னாளில் உலகம் பேசும் என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை.

ஹண்டர் கண்டதை எண்ணாக மாற்றுவதற்கு மேலும் ஒரு நூற்றாண்டு சென்றது. 1897இல் போலந்து நாட்டு மருத்துவர் எட்மண்ட் பியர்னாட்ஸ்கி, செவ்வணுக்கள் படியும் வேகம் நோய்க்கு நோய் மாறுவதை எடுத்துக்காட்டினார். 1918இல் ஸ்டாக்ஹோமில் ராபின் ஃபோரேயஸ், கருவுற்ற பெண்களின் இரத்தத்தில் அணுக்கள் விரைந்து படிவதைக் கண்டு, கருப்பத்தை அறியும் சோதனையாக இது பயன்படுமோ என்று தொடங்கினார். வேறு பல நோய்களிலும் அதே விரைவு காணப்படவே, ஆய்வு பெரிதாக விரிந்தது. அவர் நாட்டவரான ஆல்ஃப் வெஸ்டர்கிரன் 1921இல் காச நோயாளிகளிடம் இதனைச் சோதித்து வகுத்த முறை நூறாண்டு கடந்தும் வழக்கில் உள்ளது. நம் ஊர் மருத்துவக்கூடங்களில் ‘ஈ.எஸ்.ஆர்.’ என்று எழுதித் தருகிறார்களே, அது இதுதான்.

அம்முறையின் எளிமையைப் பாருங்கள். இரத்தம் உறையாதிருக்கச் சிறிது சிட்ரேட் உப்புநீர் கலந்து, மெல்லிய நீண்ட கண்ணாடிக் குழாயில் ஏற்றிச் செங்குத்தாக நிறுத்துகிறார்கள். ஒரு மணி நேரம் கழித்து, செவ்வணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியுள்ளன என்று பார்க்கிறார்கள். அவ்வளவே. அழற்சியின்போது ஃபைப்ரினோஜன் என்னும் புரதம் இரத்தத்தில் மிகுகிறது. அதனால் செவ்வணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, காசுகளை அடுக்கியதுபோல் சேர்ந்துகொள்கின்றன. தனித்த அணுவைவிட அடுக்கு விரைவாக அமிழ்கிறது. மின்சாரம் தடைப்பட்ட நாளிலும் ஒரு குழாயும் ஒரு கடிகாரமும் இருந்தால் இச்சோதனை நடக்கும். ஆயினும் இதற்கு ஒரு குறையுண்டு. இரத்தசோகையிலும் கருப்பகாலத்திலும் முதுமையிலும் இந்த எண் உயரும். ஆகவே எண்ணை மட்டும் கண்டு நோயைப் பெயரிட முடியாது.

இனி 1930ஆம் ஆண்டுக்கு வருவோம். நியூயார்க் நகரத்தில் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலைய மருத்துவமனையில் ஆஸ்வால்ட் ஏவரியின் ஆய்வுக்கூடம் நிமோனியாக் கிருமியை ஆராய்ந்து வந்தது. அங்கே வில்லியம் டில்லெட், தாமஸ் பிரான்சிஸ் என்னும் இளைஞர் இருவர், அக்கிருமியிலிருந்து பிரித்தெடுத்த ‘சி’ என்னும் சர்க்கரைப் பொருளை நோயாளிகளின் இரத்த நீரோடு கலந்து பார்த்தனர். நோய் கடுமையாக இருந்த நாள்களில் கலவை கலங்கி வீழ்படிவு உண்டாயிற்று. நோய் தணிந்ததும் அது நின்றுவிட்டது. இது அவர்களை வியக்க வைத்தது. கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளாயின், நோய் குணமாகும் வேளையில் தோன்றி நிலைத்திருக்க வேண்டும். இதுவோ நோயோடு வந்து நோயோடு போயிற்று. மேலும், நிமோனியா அல்லாத வேறு சில நோய்களிலும் தோன்றிற்று. ‘சி’ பொருளோடு வினைபுரியும் புரதம் என்ற பொருளில் அதற்குச் ‘சி-ரியாக்டிவ் புரோட்டீன்’ என்று பெயர் நிலைத்தது. ‘சி.ஆர்.பி.’ என்று சுருக்கிச் சொல்வோம்.

1947இல் அதே ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மக்லின் மெக்கார்ட்டி அதனைத் தூய படிகமாகப் பிரித்தார். மரபுப் பண்பைக் கடத்துவது டி.என்.ஏ. என்று 1944இல் உலகுக்கு அறிவித்த மூவருள் அவரும் ஒருவர். இப்புரதம் கல்லீரலில் உண்டாகிறது என்பதும், உடலில் எங்கேனும் அழற்சி எழுந்தால் இன்டர்லூக்கின்-6 என்னும் தூதுப்பொருள் கல்லீரலுக்குச் செய்தி சொல்கிறது என்பதும் பின்னர் விளங்கின. நலமுள்ளவரிடம் மிகச் சிறிதளவே இருக்கும் இப்பொருள், கடும் நோயில் நூறு மடங்குக்கு மேலும் உயரும். ஊரில் எங்கோ தீப்பிடித்தால் கோயில் மணி அடிப்பதுபோல் இது. மணியோசை கேட்டவுடன் தீ எழுந்ததை அறிகிறோம். எந்தத் தெருவில் என்பதை நாம்தான் ஓடிப் பார்க்க வேண்டும்.

இம்மணியோசை முதன்முதலில் இதய மருத்துவத்துக்குப் பெரிதும் உதவியது குழந்தைகளின் நோயொன்றில். அதற்கு வாதக் காய்ச்சல் என்று பெயர். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் ஒரு சிறுமிக்குத் தொண்டைப் புண் வருகிறது. சில நாளில் ஆறிவிடுகிறது. இரண்டு மூன்று வாரம் சென்று காய்ச்சல் எழுந்து, மூட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வீங்குகின்றன. கிருமியை எதிர்த்த உடலின் படை, தன் இதயத்தையே பகையென்று எண்ணித் தாக்குவதால் இந்நிலை வருகிறது. மூட்டு வலி தீர்ந்துவிடும். இதய வால்வில் விழுந்த வடு ஆயுள் முழுதும் நிற்கும். 1944இல் அமெரிக்க மருத்துவர் டக்கெட் ஜோன்ஸ், இந்நோயைத் தெளிவதற்கு வேண்டிய அடையாளங்களைப் பெரியவை, சிறியவை என்று வகுத்தார். செவ்வணுக்கள் விரைந்து படிவது சிறிய அடையாளங்களுள் ஒன்றாயிற்று, 1950களில் சி.ஆர்.பி.யும் அதனோடு சேர்ந்தது. இரத்தக் குறிக்குச் ‘சிறிய’ இடமே கொடுத்த அவருடைய நிதானம் பாராட்டத்தக்கது. துணைச் சாட்சி எவ்வளவு உரக்கப் பேசினாலும், அச்சாட்சியை மட்டும் கொண்டு அவர் தீர்ப்பு எழுதவில்லை.

இந்தியாவில் இந்நோயை ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் தமிழ்ப் பெண்மணி. 1917இல் பர்மாவில் பிறந்த டாக்டர் சி. பத்மாவதி, ரங்கூனில் மருத்துவம் பயின்று, 1942இல் போர் மூண்டபோது அந்நாட்டை விட்டுத் தமிழகம் வந்தவர். பின்னர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதய மருத்துவம் கற்று, 1953இல் தில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியரானார். இதயத்தை ஆராயும் கூடத்தையும் அங்கே நிறுவினார். ஏழைக் குழந்தைகளின் வாதக் காய்ச்சலையும் அதனால் வரும் இதய நோயையும் தம் ஆய்வுப் பொருளாகக் கொண்டார். 1962இல் அகில இந்திய இதய அறக்கட்டளையைத் தோற்றுவித்தார். 103 வயது வரை வாழ்ந்து 2020இல் மறைந்தார்.

ஜோன்ஸ் வகுத்த விதிகள் 2015இல் மீண்டும் திருத்தப்பட்டன. அத்திருத்தம் மாணவர்கள் அறியத்தக்கது. வாதக் காய்ச்சல் அரிதாகிவிட்ட நாடுகளில் செவ்வணுப் படிவு முதல் மணி நேரத்தில் 60 மில்லிமீட்டர் இருந்தால்தான் அதனை அடையாளமாகக் கொள்ளவேண்டும். நோய் மிகுந்த நாடுகளில் 30 மில்லிமீட்டரே போதும் என்றது அது. ஓர் எண்ணின் பொருள், அந்த எண் எழுந்த ஊரையும் பொறுத்தது என்று அறிவியலே ஒப்புக்கொண்டது. ஆலத்தூர் நாட்டுப் பள்ளியில் ஒரு சிறுமிக்குத் தொண்டைப் புண்ணும், பின்னர் மூட்டு வீக்கமும் வந்தால், மலைக்காற்றால் வந்த வாதம் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவ்வேளையில் ஒரு குழாய் இரத்தம் பேசும். நோய் உறுதியானால், மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசியை ஆண்டுக்கணக்கில் தவறாது போட்டு வந்தால், வால்வு மேலும் கெடாமல் காக்கலாம்.

குழந்தைகளிடமிருந்து பெரியவர்களிடம் வருவோம். 1912இல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், இதயத்துக்கு இரத்தம் ஊட்டும் தமனியில் கட்டி அடைத்தாலும் நோயாளி உடனே இறப்பது உறுதியன்று, பிழைக்கவும் கூடும் என்று எழுதினார். மாரடைப்பு என்று நாம் கூறும் நோய் அதன் பின்னரே மருத்துவர்களின் கவனத்துக்கு வந்தது. இரத்தம் கிடைக்காமல் மாண்ட தசையை அகற்றிச் சீர்செய்ய உடல் படையை அனுப்புகிறது. ஆகவே மாரடைப்புக்குப் பின் சில மணி நேரத்தில் சி.ஆர்.பி. ஏறத்தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தை அடைகிறது. செவ்வணுப் படிவு இன்னும் தாமதமாக உயர்ந்து வாரக்கணக்கில் நிற்கிறது. பேருயரம் எட்டிய குறி, பேரிழப்பையும் இடர் மிகுந்த வருங்காலத்தையும் காட்டுவதாக மருத்துவர் கண்டனர். ஆனால் சாட்சி வந்து சேர்வதற்குள் வீடு பாதி எரிந்துவிடுகிறது என்பதையும் அறிந்தனர்.

இவ்விடத்தில் வரலாறு ஒரு விந்தை செய்தது. சி.ஆர்.பி.யைக் கண்ட அதே டில்லெட், பால்டிமோர் நகருக்குச் சென்று, 1933இல் கார்னர் என்பவரோடு வேறொன்றைக் கண்டார். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை வளர்த்த குழம்பு, உறைந்த மனித இரத்தக் கட்டியைக் கரைத்தது! அதிலிருந்து பிறந்ததே ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்னும் மருந்து. 1958இல் அதனை மாரடைப்பு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த அறிக்கை வெளிவந்தது. 1986இல் இத்தாலியில் 11,806 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு அதன் பயனை நாட்டியது. 1988இல் 17,187 பேரிடம் நடந்த ஆய்வில், அம்மருந்தும் ஆஸ்பிரினும் சேர்ந்து பெற்றவர்களுள் ஐந்து வாரத்தில் இதய, இரத்தக்குழாய் நோயால் இறந்தவர் நூற்றுக்கு 8 பேர்; இரண்டும் பெறாதவர்களுள் நூற்றுக்கு 13 பேர். குழந்தைகளின் இதயத்தில் வடு விழச் செய்யும் கிருமிக் குடும்பமே பெரியவர்களின் இதயத்தைக் காக்கும் மருந்தையும் தந்தது. இவ்வரலாற்றில் என் நெஞ்சைக் கவர்ந்த பகுதி இதுவே.

இனி அந்தப் பழைய கேள்வி திரும்ப வருகிறது. சி.ஆர்.பி. வெறும் சாட்சியா, குற்றவாளியா? 1994இல் ரோம் நகர மருத்துவர்கள், அடிக்கடி எழும் மார்வலியோடு வந்தவர்களுள் இப்புரதம் மிகுந்தவர்க்குப் பின்விளைவு மோசமாக இருந்ததை வெளியிட்டனர். தசை மாள்வதற்கு முன்பே இரத்தத்தில் அழற்சியின் குறி இருந்தது. 1997இல் பால் ரிட்கரும் கூட்டாளிகளும், நலமாக இருந்த அமெரிக்க மருத்துவர்களிடம் எடுத்து வைத்திருந்த இரத்தத்தைச் சோதித்து, இப்புரதம் மிகுந்திருந்தவர்க்குப் பிற்காலத்தில் மாரடைப்பு மிகுதியாக வந்ததைக் காட்டினர். சென்னையிலும் நீரிழிவு ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு, 2005இல், உடற்கொழுப்பு, நீரிழிவு, இதயத் தமனி நோய் ஆகியவற்றோடு இப்புரதத்துக்குள்ள தொடர்பை எடுத்துரைத்தது. தமனியின் உட்சுவரில் கொழுப்பு படிவது குழாயில் உப்புப் படிவது போன்றதன்று. அங்கே நெடுநாள் புகையும் அழற்சி இருக்கிறது என்ற கருத்து வலுப்பெற்றது.

ஆயின், பிறவியிலேயே மரபணுவால் சி.ஆர்.பி. மிகுதியாக உள்ளவர்களை ஆராய்ந்தபோது, அக்காரணத்தால் மட்டும் அவர்களுக்கு மாரடைப்பு மிகவில்லை. எனவே சி.ஆர்.பி. சாட்சியே, தீயை மூட்டியவன் வேறொருவன். 2017இல், மாரடைப்பு வந்து பிழைத்த 10,061 பேரிடம் நடந்த ஆய்வில், அழற்சியின் மேல்நிலைத் தூதான இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுக்கும் மருந்து, கொலஸ்டிராலைக் குறைக்காமலே மீண்டும் வரும் இடர்களை நூற்றுக்கு 15 அளவு குறைத்தது. ஆனால் உயிர்க்கொல்லித் தொற்றுகள் சற்று மிகுந்தன. வீட்டுக் காவலனைக் கட்டிப்போட்டால் திருடனுக்கு வழி திறக்கும் அன்றோ?

பிறகு வந்தது நம் நாட்டு மணம் கமழும் ஒரு மருந்து. அதன் பெயர் கால்ச்சிசின். சங்கப் புலவர் குறிஞ்சி நிலத்துக்குரிய மலராகப் போற்றியதும், தமிழ்நாட்டின் மாநில மலராக விளங்குவதுமான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் அது இருக்கிறது. கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் கரூர், திண்டுக்கல், திருப்பூர் மாவட்டங்களில் விதைக்காகவே அதனைப் பயிரிடுகின்றனர். கிழங்கு கொடிய நஞ்சு; உண்டவர் மாண்டதுண்டு. மருந்தாகும் அளவோ அரை மில்லிகிராம். 2019இல் 4,745 பேரிடம் நடந்த ஆய்வில், மாரடைப்புக்குப் பின் இதனை உட்கொண்டவர்க்கு இதய, இரத்தக்குழாய் இடர்கள் நூற்றுக்கு 23 அளவு குறைந்தன. மருத்துவ உலகம் மகிழ்ந்தது. 2024இல் 7,062 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு வேறு விதமாகச் சொல்லிற்று. அங்கே சி.ஆர்.பி. குறைந்தது, ஆனால் இடர்கள் குறையவில்லை. மணியின் நாவைத் துணியால் கட்டிவிட்டால் ஓசை அடங்கும், தீ அடங்கியதாகாது. பழைய மருத்துவர் கிண்ணத்து ஏட்டைக் கண்டு மயங்கியதுபோல் நாமும் எண்ணைக் கண்டு மயங்கிவிடக் கூடாது என்று அவ்வாய்வு நினைவூட்டியது.

இவ்வளவு நீண்ட வரலாற்றிலிருந்து ஆலத்தூர் நாட்டுக்கு வந்து சேரும் பயன் யாது? காரவள்ளி வழியே கொல்லிமலைக்கு ஏறி இறங்கும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. நள்ளிரவில் ஒருவருக்கு மார்பு இறுகி, வலி இடக்கைக்குப் பரவி, வியர்த்துக் கொட்டினால், அங்கே ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை மாள்கிறது. அவ்வேளையில் சி.ஆர்.பி.க்கோ செவ்வணுப் படிவுக்கோ காத்திருக்கலாகாது. இதய மின்வரைபடம் உடனே சொல்லும். ட்ரோபோனின் என்னும் இதயத் தசைப் புரதம் சில மணி நேரத்தில் உறுதி சொல்லும். அருகிலுள்ள மருத்துவமனையிலேயே கட்டியைக் கரைக்கும் மருந்தைத் தொடங்கி, பின்னர் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் இணைப்பு முறை தமிழ்நாட்டில் சோதித்துப் பார்க்கப்பட்டது. 2,420 நோயாளிகளைப் பற்றிய அதன் முடிவு 2017இல் வெளிவந்தது. முறை வருமுன் ஓராண்டுக்குள் இறந்தவர் நூற்றுக்கு 17.6, வந்தபின் 14.2. டில்லெட் ஒரு குழம்பில் கண்ட கரைக்கும் ஆற்றலும், 2008இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 ஊர்தியும் கைகோத்த இடம் அது.

ஆகவே மாணவர்களே, இரத்தக் குறிகளுக்கு அவற்றுக்குரிய இடத்தை அளியுங்கள். மூட்டு வீங்கிய குழந்தைக்கு அவை நல்ல துணை. மாரடைப்பிலிருந்து மீண்டவரின் வருங்காலத்தை எடைபோடவும் அவை உதவும். நெஞ்சு வலித்துத் துடிப்பவரிடமோ முதலில் வேண்டியது விரைவு. உங்களுள் யாரேனும் நாளை மருத்துவராகி மலைமேல் பணிபுரியச் செல்லலாம். சோதனைச் சீட்டில் உயர்ந்த எண்ணொன்றைக் காணும்போது, ‘இது எதற்குச் சாட்சி?’ என்று ஒரு கணம் கேளுங்கள். கேட்டபின் சீட்டை மேசைமேல் வைத்துவிட்டு, நோயாளியின் மார்பில் காதை வையுங்கள்.